சஹனின் எதிர்ப்பக்கம்

போன் பொய் சொல்லாது. விரலில் குத்தி ரத்தம் பார்க்கிற மெஷினும் பொய் சொல்லாது. அப்படியென்றால் பொய் சொல்வது மனுஷன்தான் என்று நான் முடிவு கட்டினேன். அந்த மனுஷன் வேறு யாருமில்லை. முப்பத்தோரு வருஷமாக என்னோடு ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்ட என் மாப்பிள்ளை, என்னைக் கட்டியவர்.

அவர் பெயர் கவுஸ். என் பெயர் ஹாஜிரா. ஊர் கீழக்கரை. நிக்காஹ் முடிந்து நாற்பதாவது நாள் பூனாவுக்கு ரயில் ஏறினோம். போசரியில் அவருக்குப் பனியன் வேஸ்ட் வியாபாரம். திருப்பூரிலிருந்து கட்டுக் கட்டாக வரும் துணிக் கழிவைப் பட்டறைக்காரர்கள் மெஷினில் வழியும் எண்ணெயைத் துடைக்க வாங்கிப் போவார்கள். முதல் எட்டு வருஷம் போசரியிலேயே ஒற்றை ரூம், பிறகு சிஞ்ச்வட்டில் இந்த ஃப்ளாட். ரூம் மாறியது, அடுப்பு மாறியது, மாறாதது எங்கள் சஹன் மட்டும்தான். சஹன் என்றால் பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு. எங்களுடையது நீலக் கரை போட்ட பீங்கான். என் உம்மா கொடுத்தனுப்பியது.

பாய் விரித்து, சஹனை நடுவில் வைத்து, எதிரும் புதிருமாக உட்காருவோம். சோற்றைக் குவித்து ஆணத்தை, அதாவது குழம்பை, ஊற்றினால் அந்தப் பக்கம் அவர் கை, இந்தப் பக்கம் என் கை. மீனில் முள்ளெடுப்பது நான். அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது, முள்ளோடு விழுங்கிவிட்டு இருமுவார். நான்தான் முதலில் எழுந்திருப்பேன். தண்ணீர் எடுக்க வேண்டும், அடுப்பைப் பார்க்க வேண்டும், பொம்பளைக்கு உட்கார நேரம் ஏது? கடைசியில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சஹனை வழித்துத் தின்பது அவர் வேலை. சோற்றை மிச்சம் வைப்பது எங்களில் பெரிய தப்பு.

போன மழைக்காலத்தில் கடையில் பேல் கட்டைப் பிரிக்கும்போது தகரப் பட்டை அவர் இடது கால் பெருவிரலைக் கிழித்திருக்கிறது. மனுஷனுக்குத் தெரியவேயில்லை. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோது ரத்தத்தைப் பார்த்து அலறியது நான்தான். "என்னா புள்ள கத்துறே, வலிக்கவே இல்ல" என்றார். வலிக்கவில்லை என்பதுதான் சீக்கு என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் புரிந்தது. பத்து வருஷமாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். சுகர் காலுக்கு இறங்கியதை நாங்கள் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா மராட்டிக்காரி, எங்களுக்காக இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மூன்று மாதம் பார்ப்போம். சுகர் இறங்கினால் புண் ஆறும். இறங்காவிட்டால் விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "கால் இல்லாட்டி பேல் எப்படி ஏத்தி எறக்குறது?" நான் சொன்னேன்: "வாயக் கழுவுங்க. மூணு மாசத்துல எறக்கிக் காட்டுறேன், பாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகன் இர்ஃபான் பூனாவின் மறுகோடியில் இருக்கும் கராடியிலிருந்து வந்தான். ஐடியில் வேலை, அங்கேயே குடித்தனம். வந்ததும் என் போனைப் பிடுங்கி அதில் ஒரு ஆப்பைப் போட்டான்.

"உம்மா, இது ஈஸி. சாப்பிடறதுக்கு முன்ன ப்ளேட்டோட போட்டோ எடுங்க. கிளைசமிக் லோடு எவ்ளோன்னு அது சொல்லும்."

"அது என்னா லோடு? வாப்பா கடைக்கு வருதே, அந்த மாதிரியா?"

"அய்யோ உம்மா! சாப்பாடு எவ்ளோ ஸ்பீடா சுகரை ஏத்தும், அதோட நீங்க எவ்ளோ சாப்பிடறீங்க, ரெண்டும் சேர்ந்த நம்பர். ஒரு வேளைக்கு இருபதுக்குக் கீழ இருந்தா பச்சை. மேல போனா லால். அவ்ளோதான். எனக்கும் இங்க என் போன்ல தெரியும்."

டாக்டரம்மா பேச்சைக் கேட்டு ஏற்கனவே சோற்றைப் பாதிக்கு மேல் குறைத்திருந்தேன். ஆனாலும் சஹனைப் படம் எடுத்ததும் தகராறு ஆரம்பித்தது. முப்பத்தாறு என்று சிவப்பாகக் காட்டியது. இர்ஃபான் தலையைச் சொறிந்தான். "இது ரெண்டு பேர் சோறு. வாப்பாக்கு மட்டும் தனி ப்ளேட் வைங்க உம்மா."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏன்டா, மனுஷனுக்கு ஒரு சீக்கு வந்தா தட்டப் பிரிச்சு ஒதுக்கி வைக்கணுமா? தொத்து வியாதியா அவருக்கு? நாளைக்குப் பாயையும் பிரிக்கச் சொல்வே!" என்று கத்தினேன். அவர் பக்கத்தில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இர்ஃபான் கையெடுத்துக் கும்பிட்டு, ஆப்பில் எங்கேயோ தேடி, எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று போட்டான். முப்பத்தாறு பதினெட்டாகிப் பச்சை நிறத்துக்கு மாறியது. "நடு செண்டர்ல கோடு போட்ட மாதிரி பாதி பாதி சாப்பிடணும், ஓகே?" என்றான். நாங்கள் பாதி பாதிதான் சாப்பிடுகிறோம், இதைச் சொல்லித் தர வேண்டுமா என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

அந்த மூன்று மாதமும் நான் சமையல்கட்டில் தவம் கிடந்தேன். சோற்றை அந்த அளவுக்கு மேல் ஏற விடவில்லை. ஜோவார் பாக்ரி, அதாவது சோள ரொட்டி, தட்டப் பழகினேன். ஆணத்தில் தேங்காயைக் குறைத்தேன். அந்த ஆப்புக்கு எங்கள் சாப்பாடு ஒன்றும் தெரியாது. முருங்கைக்கீரையைப் பாலக் என்னும், இடியாப்பத்தை நூடுல்ஸ் என்னும். "உன் தலையில நூடுல்ஸ்" என்று போனைத் திட்டிக்கொண்டே நானே திருத்துவேன். பதினேழு, பதினாறு, பதினெட்டு. எல்லாம் பச்சை. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவரிடம் நீட்டிக் காட்டுவேன். "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைப்பார்.

மாடி வீட்டுக் கிருஷ்ணப்ரியா, பேங்கில் வேலை பார்க்கிறவள், ஒருநாள் லிஃப்டில் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன ஹாஜிரா, டயட் அவருக்கா உங்களுக்கா? நீங்கதான் இளைச்சுண்டே போறேள்." கவலையில் இளைக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மெஷின் வேறு கதை சொன்னது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினால் இருநூற்று நாற்பது. மறுநாள் இருநூற்று அறுபது. ஊசியை மாற்றினேன், பட்டையை மாற்றினேன், கடைசியில் மெஷினையே மாற்றினேன். புது மெஷினும் அதையேதான் சொன்னது. புண் ஓரத்தில் வெளிறியது, பிறகு ஈரம் கட்டியது.

"வெளிய எதுவும் திங்கிறீங்களா மச்சான்?"

"இல்ல புள்ள."

"அல்லா மேல சத்தியமா?"

"சத்தியமா இல்ல."

நான் நம்பவில்லை. கடையிலிருந்து வந்ததும் சட்டைப் பையைத் தடவுவேன், வாயை மோந்து பார்ப்பேன். பக்கத்துக் கடை வஹாபுக்குப் போன் போட்டேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள், ஸ்பானர், டிரில் எல்லாம் விற்கிறவர். என்னை அக்கா முறை வைத்து லாத்தா என்பார். "லாத்தா, அவரு டீயில சீனி போடக்கூட விடுறதில்ல. நானும் சேந்து பீக்கா டீ குடிக்கிறேன்" என்றார். கூட்டாளிக்குக் கூட்டாளி விட்டுக்கொடுப்பானா? அதையும் நான் நம்பவில்லை.

மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருந்த ஞாயிறு, இர்ஃபான் தன் போனை மேஜையில் வைத்தான். இரண்டரை மாதப் பச்சை, வரிசையாக. பக்கத்தில் மெஷின் நம்பர்களை நான் எழுதி வைத்த காகிதம். "வாப்பா, வீட்டு சாப்பாடு எல்லாம் ரைட். அப்போ பாஹர், வெளிய எங்கயோ ஏதோ நடக்குது. சொல்லுங்க, நாங்க திட்ட மாட்டோம்." சொல்லிவிட்டு அவர் கண்ணெதிரிலேயே ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய் டிக்கியைத் திறந்து பார்த்தான். மேலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டலம் பனியன் துணியும் குடையும்தான் இருந்தன. அறுபது வயசு மனுஷன் திருடனைப் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாயத் தொறந்து பேசுங்க மச்சான்! எங்க போயித் திங்கிறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை அல்ல, கையைப் பார்த்தார். அதைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆமா. ஜிலேபி தின்னேன். நாலு மணிக்கு. தெனமும்."

எனக்குத் தலைக்கு ஏறியது. மூன்று மாதம் நான் நெருப்பில் வெந்தது, பாக்ரி தட்டிக் கை காய்த்தது, தொழுகையில் அழுதது எல்லாம் அந்த நாலு மணி ஜிலேபிக்குத்தானா? என்னென்னவோ சொன்னேன். கடைசியாகச் சொன்னதுதான் இப்போதும் காதில் கேட்கிறது. "உங்க கால நீங்களே திங்கிறீங்க. வெட்டிப் போட்ட பொறவு எங்கிட்ட வந்து அழுவாதீங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்!"

பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. பேச்சுதான் இல்லை. சோறு வைத்தேன், போட்டோ எடுத்தேன், அதே சஹனில் எதிரே உட்கார்ந்தேன், மீனுக்கு முள்ளெடுத்தேன். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் எழுந்து போனதும் சஹனை வழித்துவிட்டுக் கை கழுவப் போவார்.

பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. விரல் கறுத்திருந்தது. டாக்டரம்மா இந்த முறை நிறுத்தி நிறுத்திச் சொல்லவில்லை. முழங்காலுக்கு நாலு விரல் கீழே எடுத்துவிட்டார்கள். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைக் கூப்பிட்டு, "கடைச் சாவி வெள்ளச் சட்டப் பையில கெடக்கு" என்றார்.

ஆஸ்பத்திரியில் குழி குழியாக இருக்கும் தட்டில் அளந்த சோறு வரும். ஐந்தாம் நாளே சுகர் நூற்று அறுபதுக்கு வந்தது. நர்ஸ் சந்தோஷமாகச் சொன்னபோது என் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. "யஹான் ஜிலேபி நஹீன் மில்தா நா", இங்கே ஜிலேபி கிடைக்காதில்லையா, என்றேன். அவர் காதில் விழுந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரால் தரையில் உட்கார முடியாது. இர்ஃபான் சாப்பாட்டு மேஜையும் கைவைத்த நாற்காலியும் வாங்கிப் போட்டான். அவருக்கென்று ஒரு தட்டு வந்தது. அதைத் தனியாகப் படம் எடுத்து, எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்று என்று போட்டேன். எனக்கு அந்த உயரத்தில் உட்கார்ந்தால் சோறு இறங்காது. கீழே, அவர் நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளிப் பாயை விரித்து, சஹனில் போட்டுச் சாப்பிட்டேன். தினமும் மிஞ்சியது. மனசு சரியில்லை, பசியில்லை என்று நினைத்து, மிஞ்சியதைப் பின்பக்கப் பூனைக்குப் போட்டேன். அவருக்கு மெஷின் நூற்று ஐம்பதைத் தாண்டவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வஹாப் பார்க்க வந்தார். கிளம்பும்போது வாசலில் என்னிடம் சொன்னார்: "லாத்தா, ஜிலேபி தின்னாருன்னு இர்ஃபான் சொல்றான். மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வர்ற நேரம் போக, நான் எட்டுலேருந்து ஏழு வரைக்கும் அவரு கூடவே இருக்கேன். நாலு மணிக்கு நாங்க அசர் தொழுவப் போறதுக்கு ஒளூ செஞ்சு, கை கால் கழுவிக்கிட்டு நிப்போம். அந்த மனுஷன் ஒரு பிஸ்கட் தொட்டதில்ல. நான் பள்ளிவாசல்ல வேணாலும் வந்து சொல்றேன்." அவர் கண் கலங்கியிருந்தது. இந்த முறை என்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் அந்த இருநூற்று அறுபது எங்கிருந்து வந்தது? மறுநாள் மத்தியானம் வரைக்கும் அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அன்று பாங்டா மீன் ஆணம். அவருக்கு மேஜையில் வைத்து, முள்ளெடுத்துக் கொடுத்துவிட்டு, நான் கீழே உட்கார்ந்தேன். யோசனையிலேயே சாப்பிட்டேன். தண்ணீர் எடுக்க எழுந்திருக்கப் போனவள் சஹனைப் பார்த்தேன்.

என் பக்கம் துடைத்த மாதிரி இருந்தது. எதிர்ப்பக்கத்தில் சோறு குவிந்து கிடந்தது. அதன் மேல் முள்ளெடுத்த மீன், நல்ல நடுத்துண்டு, பதமாக உதிர்த்து வைக்கப்பட்டிருந்தது. எதிரே யாருமில்லை. வெறும் பாய்தான் கிடந்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யா அல்லாஹ், இதை யார் தள்ளியது? நான்தான். எப்போது தள்ளினேன்? எனக்கே தெரியவில்லை. போட்டோவில் இருந்தது முப்பத்தாறு. அதில் பாதி பதினெட்டு. ஆனால் பாதியை நான் எப்போது தின்றேன்? கால்வாசி தின்றுவிட்டு மற்றதையெல்லாம் அவர் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போயிருக்கிறேன். மூன்று மாதமாக, தினம் மூன்று வேளை. அவரோடு பேசாத அந்தப் பதினோரு நாளும் கூடத் தள்ளியிருக்கிறேன். வாய்தான் அவரோடு சண்டை போட்டது. கை போடவில்லை.

நிமிர்ந்தேன். அவர் மேலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது புதிதில்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா மச்சான்?"

"ம்."

"எப்பலேருந்து?"

"போசரி ரூமுல இருந்தப்பலேருந்தே."

"நான் இந்த மூணு மாசத்தக் கேக்குறேன்!"

அவர் தட்டில் விரலால் கோடு போட்டார். "நானும் உம்பக்கம் தள்ளித் தள்ளிப் பாத்தேன் புள்ள. நீ மறுபடி தள்ளுவே. நெனப்பு இல்லாமத்தான் தள்ளுவே. நீ எந்திரிச்சுப் போனப்பொறவு சோத்தக் குப்பையில கொட்டவா முடியும்? ஒரு புடி ரெண்டு புடிதானேன்னு நெனச்சேன். அதுக்குக் கால் போவும்னு நெனக்கல."

"அப்ப ஜிலேபி தின்னேன்னு ஏன் சொன்னீங்க? ஏன் சொன்னீங்க அப்படி?"

"அன்னிக்கு ரெண்டு பேரும் கேட்டீங்க. ஒண்ணு ஜிலேபியச் சொல்லணும், இல்ல உன் கையச் சொல்லணும். சொன்னா அதோட நீ சோறு திங்க மாட்டே."

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். எத்தனை பேச்சுப் பேசினேன்! வாயை மோந்து பார்த்தேனே, டிக்கியைத் திறக்கவிட்டு மேலிருந்து வேடிக்கை பார்த்தேனே, ஆஸ்பத்திரியில்கூட விடாமல் குத்தினேனே. "என்னச் செருப்பால அடிச்சிருக்கலாமே மச்சான். ஒரு வார்த்த சொல்லியிருந்தா தட்டப் பிரிச்சிருப்பேனே. கால் இருந்திருக்குமே. இந்தக் கையத்தான் வெட்டிப் போடணும்!"

"வீட்டுல ஒண்ணு போனது போதும்" என்றார். "அழுவாத. அந்தக் கையால அந்த மீன எடுத்துத் தின்னு. நான் பாக்கணும்."

"எறங்காது மச்சான்."

"எறங்கும். தின்னு. பூனைக்குப் போடாத."

சஹனை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். அவர் பக்கம் என் பக்கத்துக்கு வந்தது. முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். அவர் மேஜையில் தன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, காலில்லாத பக்கம் சாய்ந்துவிடாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பார்த்தபடியே இருந்தார். ஒவ்வொரு பிடியாகத் தின்றேன். மீனையும் தின்றேன். கடைசியில் அவர் வழிப்பதைப் போலவே விரலால் சஹனை வழித்துத் துடைத்தேன். மிச்சம் வைக்கவில்லை.